வழித்துணைப் பெருமாளும் ஒரு பேட்டரியும்

திருமோகூர் காளமேகப் பெருமாளுக்கு வழித்துணைப் பெருமாள் என்றொரு திருநாமம் உண்டு. நம்மாழ்வார் திருவாய்மொழியின் பத்தாம் பத்தை இத்தலத்துப் பெருமானைப் பாடித்தான் தொடங்குகிறார். வைகுந்தத்துக்குப் புறப்படும் ஆன்மா வழித்துணையாகப் பற்றிக்கொள்வது இந்த ஆப்தனையே என்று பெரியோர் விளக்குவார்கள். என் அத்தான் சனிக்கிழமைதோறும் தம் காரிலேயே அங்கு சென்று சேவித்து வந்தவர். 2021-இல் அவர் காலமானார். கார் என் பொறுப்புக்கு வந்தது. அதை விற்கக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார். ஆனால் அதன் பிறகு மோகூர் செல்லவும் அவருக்கு மனம் வரவில்லை.

அந்தக் காரை நான் பேணிய விதத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வாரம் ஒருமுறை துடைப்பேன். ஆயுத பூஜையன்று பானெட்டைத் திறந்து பேட்டரிக்கும் சந்தனம், குங்குமம் இடுவேன். சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைப்பேன். அந்தப் பேட்டரியின் தலையில் ஆறு மூடிகள் இருந்தன. குங்குமம் இட்ட கை ஒருநாளும் அவற்றைத் திறந்து பார்த்ததில்லை. கே.கே. நகரிலுள்ள வீட்டிலிருந்து கடைத்தெருவுக்குப் போய் வருவதோடு வண்டியின் வேலை முடிந்தது. சில வாரங்கள் அது அசைந்ததே இல்லை.

மூன்று ஆண்டுகள் கழிந்தபின், அக்னி நட்சத்திரம் முடியாத ஒரு சனிக்கிழமை காலையில், அக்காவே வந்து, "தம்பி, இன்று மோகூர் போய் வரலாமா?" என்று கேட்டார். அவருக்கு அப்போது வயது எழுபத்தெட்டு. நான் மறுபேச்சின்றிச் சாவியை எடுத்தேன்.

பெருமாளுக்குத் துளசி மாலையும் தாமரையும் வாங்க மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் அருகே வண்டியை நிறுத்தினேன். தாவணி என்றால் மாட்டுச் சந்தை. இன்று மாடு கட்டுவோர் அங்கில்லை. பேருந்துகளின் இரைச்சலும் மல்லிகை வாசமும்தான். முழங்கால் வலியால் அக்கா பின் இருக்கையிலேயே அமர்ந்திருந்தார். இன்ஜினை நிறுத்திவிட்டு, அவருக்குக் காற்று வரட்டும் என்று ஏசியின் காற்றாடியை மட்டும் ஓடவிட்டேன். கண்ணாடிகள் மூடியிருந்தன. சாவியை அதன் இடத்திலேயே விட்டுப் போனேன்.

பூ வாங்கும் இடத்தில் பேரம் நீண்டுவிட்டது. கால் மணி நேரம் கழித்துத் திரும்பியபோது, அக்கா கண்ணாடியைக் கையால் தட்டிக்கொண்டிருந்தார். காற்றாடி நின்றுபோயிருந்தது. பேட்டரி இறங்கிவிட்டதால் கண்ணாடியை இறக்கும் பொத்தானும் வேலை செய்யவில்லை. பேரன் வந்திருந்தபோது பின்கதவுக்குப் போட்ட குழந்தைப் பூட்டை நான் எடுக்கவே இல்லை. அந்தப் பூட்டு இருந்தால் உள்ளிருந்து கதவைத் திறக்க முடியாது. வெளியிலிருந்து கதவைத் திறந்தேன். புடவை முழுவதும் வியர்வையில் நனைந்திருந்தது. அவரால் பேச முடியவில்லை. பூக்கட்டும் அம்மாள் ஒருவர் ஓடிவந்து, கைத்தாங்கலாக அழைத்துச் சென்று, தம் கடை நிழலில் உட்கார வைத்து, மோர் வாங்கிக் கொடுத்தார். இன்னும் பத்து நிமிடம் நான் பேரம் பேசிக்கொண்டிருந்தால்... அதை எழுதக் கை வரவில்லை. வயோதிகரையும் குழந்தையையும் மூடிய காருக்குள் வெயிலில் விட்டுப் போகாதீர்கள்; ஒரு நிமிடம் என்று எண்ணியும் போகாதீர்கள்.

சாவியைத் திருகினால் 'டக்' என்ற ஒலி மட்டும் வந்தது. பக்கத்திலிருந்த வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் பேட்டரிக் கடைக்குச் சொல்லி அனுப்பினார். மெக்கானிக் ஓர் இளைஞர். இருசக்கர வண்டியில் மீட்டரும் கையுமாக வந்தார். அளந்து பார்த்து, "அய்யா, பத்தரைகூட இல்லை. ஆறு அறையில ஒண்ணு போயிருச்சு" என்றார்.

விளக்கம் கேட்டேன், பொறுமையாகச் சொன்னார். கார் பேட்டரியினுள் ஆறு அறைகள் உண்டு. ஓர் அறைக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட் வீதம், நன்றாக மின்னேற்றிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். ஓர் அறை கெட்டால் அந்த இரண்டு வோல்ட் குறைந்துவிடும். மற்ற ஐந்தும் நன்றாயிருந்தும் பயனில்லை. ஒவ்வோர் அறையிலும் ஈயத் தகடுகள் நீர் கலந்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்க வேண்டும். 1859-இல் பிரெஞ்சு நாட்டு காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்த அதே ஏற்பாடுதான் இன்றும் அடிப்படை. வெப்பத்தில் நீர் வற்றும், அமிலம் வற்றாது. ஆகவே குறைவது நீர்தான். அதற்குக் காய்ச்சி வடித்த டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு தகடுகளைக் கெடுக்கும். அவர் மூடிகளைத் திறந்து காட்டினார். நீர் மட்டத்துக்கு மேலே தகடுகள் வெளுத்து நின்றன. மேலே நான் இட்ட குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது.

இனி மாற்றத்தான் வேண்டும் என்றார். கழற்றும் முன் வேறொரு சிறிய பேட்டரியை வண்டியோடு கம்பியால் இணைத்தார். ஏன் என்றேன். கடிகாரமும் பாட்டுப் பெட்டியும் தம் நினைவை இழக்காமல் இருக்க என்றார். நிழலில் அமர்ந்திருந்த அக்கா, "பாலாலயம் மாதிரி!" என்றார். அவர் வாய் திறந்து பேசிய பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

மைனஸ் முனையை முதலில் கழற்றி, ப்ளஸ் முனையைப் பிறகு கழற்றினார். மாட்டும்போது ப்ளஸ் முதலில், மைனஸ் கடைசியில். வண்டியின் உடல் முழுவதும் மைனஸோடு சேர்ந்திருப்பதால், ப்ளஸ்ஸைக் கழற்றும் ஸ்பேனர் உடலில் பட்டால் தீப்பொறி பறக்குமாம். முனைகளில் பூத்திருந்த வெண்பச்சைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்தார்.

பழைய பேட்டரியைத் தூக்கியபோது அதன் பக்கவாட்டில் ஒரு நாடாத் துண்டு ஒட்டியிருந்தது. அதில் அத்தானின் எழுத்து: 19.1.2019, சனி.

அக்கா எழுந்து வந்து அதைப் பார்த்தார். "இதை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா?" என்று கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த இளைஞர்தாம், "வேண்டாம்மா. உள்ளே இருப்பது ஈயமும் ஆசிட்டும். வீட்டில் வைக்கக் கூடாது. கடையில் திருப்பித்தான் கொடுக்கணும்" என்றார். பழைய பேட்டரியை முறைப்படி சேகரிப்பவரிடமே ஒப்படைக்க வேண்டும் என்பது 2001 முதலே சட்டத்தில் உள்ள விதி. 2022-இல் வந்த புதிய விதிகள் தயாரிப்பாளரின் பொறுப்பைக் கூட்டியிருக்கின்றன. எடைக்கு வாங்கித் தெருவோரத்தில் உடைப்பவர்களிடம் தருவது பாவம்; அந்த ஈயம் மண்ணுக்கும் குழந்தைகளுக்கும் நஞ்சு. முறைப்படி போனால் உருக்கிச் சுத்தம் செய்து, மறுபடியும் பேட்டரித் தகடாகவே வார்ப்பார்களாம். "அப்படியானால் மறுபிறவி உண்டு" என்றார் அக்கா. நாடாவை மட்டும் உரித்து, சோடா நீரில் நனைத்துத் துடைத்து அவரிடம் கொடுத்தார் அந்த இளைஞர். பழைய பேட்டரிக்கு ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு பில் எழுதினார்.

புதியது மூடிகள் இல்லாத வகை. நீர் ஊற்ற வேண்டியதில்லை. "அப்போ சனிக்கிழமை நாங்க என்ன பார்க்கிறது?" என்று அக்கா கேட்டார். "ஓட்டுங்கம்மா. அதுதான் இதுக்குத் தீனி" என்றார் அவர். இன்ஜின் ஓடும்போதுதான் ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு மின்னேற்றுகிறது. கடைத்தெரு வரை ஓடி நிற்கும் வண்டி, கிளம்பச் செலவழித்ததைக்கூடத் திருப்பித் தருவதில்லை. வாரத்தில் ஒருநாளாவது அரைமணி நேரம் ஓட வேண்டும். காசி, பத்ரி என்று மாதக்கணக்கில் போவோர் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டுப் போவது நல்லது.

எனக்கு அங்கேயே விளங்கியது. மோகூர் போய்த் திரும்ப இருபது கிலோமீட்டருக்கு மேல். அத்தான் பெருமாளைச் சேவிக்கப் போனார். அந்தப் போக்குவரத்தே பேட்டரியைக் காத்தது. மூன்று ஆண்டுகள் நான் நிறுத்திவைத்தது அந்த வண்டியை மட்டுமன்று.

நண்பகலுக்கு நடை சாத்திவிட்டார்கள். வீட்டுக்குப் போய்ச் சற்றுப் படுத்திருந்துவிட்டு, மாலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். மேலூர்ச் சாலையில் இடப்புறம் யானைமலை; ஒத்தக்கடையில் வலப்புறம் திரும்பினோம். வாடிப்போன தாமரைக்குப் பதில், பூக்கட்டும் அம்மாள் வேறு தாமரை கொடுத்திருந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். சக்கரத்தாழ்வார் முன்பு அக்கா வெகுநேரம் நின்றார். என்ன வேண்டினார் என்று நான் கேட்கவில்லை.

அன்றிரவு புதிய நாடா ஒன்றில் தேதியும் கிழமையும் எழுதிப் பேட்டரியில் ஒட்டச் சொன்னார். எழுத்து அவருடையது. பழைய நாடா பூஜை அறையில் அத்தானின் படத்துக்குக் கீழே இருக்கிறது.

போன சனிக்கிழமை நல்ல மழை. "இன்று வேண்டாமே" என்றேன்.

"அப்போ அதுக்குத் தீனி?" என்றார் அக்கா, செருப்பை மாட்டிக்கொண்டே.