கச்சானுக்கு ஒரு வேலி

காரைதீவுக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. இரண்டு பக்கமும் காற்றை மறிக்க ஒன்றுமில்லை. வைகாசியில் வயலைத் தாண்டி அனலாகக் கச்சான் வரும். கார்த்திகை, மார்கழியில் வாடை கடலுப்பைச் சுமந்துகொண்டு வரும். இந்த மணலில்தான் தென்னம்பிள்ளையும் பப்பாசியும் மிளகாயும் பிழைக்க வேண்டும்.

பிழைக்க வைப்பது தென்னோலைக் கிடுகு. அதைப் பின்னும் ஒரு அக்காவின் வளவுக்குப் போனேன். மட்டையை நடுவால் பிளந்து குழித் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார். "ஊறாத ஓலை கைபட்டதும் முறிஞ்சிரும் தம்பி" என்றபடி ஒரு பாதியை இழுத்துப் போட்டுக் குந்தினார். குதிகாலால் மட்டையை அழுத்தி, ஒரு ஓலையை மேலாகவும் அடுத்ததைக் கீழாகவும் விட்டு இழுத்தார். பார்வை என் மீது, கதை மகளின் கலியாணத்தைப் பற்றி, விரல்கள் மட்டும் தம்பாட்டில் ஓடின. நுனி ஓலைகளை முறுக்கி முடிச்சிட்டபோதுதான் குனிந்து பார்த்தார். கூரைக்கென்றால் இறுக்கமாகப் பின்ன வேண்டும், வேலிக்குக் கொஞ்சம் இளக்கம் இருக்கலாம் என்றார்.

அவருடைய மிளகாய்ப் பாத்தியைச் சுற்றிக் கட்டியிருந்தது கடையில் வாங்கிய பச்சை வலை. கேட்டதற்கு, "பின்னுறது விக்கத்தானே!" என்று சிரித்தார். வலையும் நல்ல மறைப்புத்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெயிலில் நைந்து மண்ணோடு கலக்கும் பிளாஸ்டிக் இழையை யார் பொறுக்குவது? கிடுகு உக்கினால் அதே பாத்திக்குப் பசளை.

அங்கிருந்து ஒரு கட்டு கிடுகு மாளிகைக்காட்டுக்குப் போனது. வாங்கிய காக்காவின் வளவில் நாலு பக்கமும் மதில். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடு. மதில் இருந்தும் பப்பாசி இலைகள் கிழிந்து தொங்கின. வேலி கட்ட வந்த ஐயாவுக்கு இது புதினமில்லை. "மதிலேறிக் குதிக்கிற காத்துக்குத்தான் வேகம் கூட, காக்கா" என்றார். அவர் சொன்னது விஞ்ஞானக் கணக்கோடு ஒத்துப்போகிறது. முழுதாக மறித்தால் காற்று மேலே தாவி, அப்பால் சுழன்று விழுகிறது. பாதியளவு இடைவெளி உள்ள வேலியோ அதை வடிகட்டி விடுகிறது. அப்படிப்பட்ட வேலியின் உயரத்தைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு தூரம்வரை காற்றின் வேகம் தணிந்தே இருக்கும்.

தென்னம்பிள்ளைக்கு மேற்கிலும் தெற்கிலும் மட்டும் கம்பு நட்டு, வரிச்சு வைத்து, கிடுகைக் கட்டினார். கிழக்கைத் திறந்துவிட்டார், காலை வெயில் பட வேண்டுமாம். பக்கத்தில் நின்ற மாங்கன்றைக் காக்கா ஏற்கெனவே கம்போடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தார். ஐயா அதை அறுத்தார். வாழைநாரை எட்டுப் போலச் சுற்றி, கம்புக்கும் தண்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் விட்டுக் கட்டினார். கட்டும் தாழ்வாகத்தான், முழங்கால் மட்டத்தில். "ஆடட்டும். ஆடினாத்தான் அடி பருக்கும், வேர் பிடிக்கும்."

1978 நவம்பர் 23 இரவுப் புயலில் மட்டக்களப்புக் கரையெங்கும் தென்னந்தோட்டங்கள் சரிந்ததை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் மறக்கவில்லை. அந்த மாதிரிக் காற்றுக்கு வேலி என்ன செய்யும் என்று ஐயாவிடம் கேட்டேன். "அதுக்கு ஒண்டும் செய்யேலாது. நான் கட்டுறது வருசா வருசம் வாற காத்துக்கு" என்றார்.

வாடைக்கு முன் இதே கிடுகை அவிழ்த்து வடக்கிலும் கிழக்கிலும் மாற்றிக் கட்ட வேண்டும். உப்புப் படிந்த இலையைக் காலையில் கிணற்றுத் தண்ணீரால் கழுவவும் சொன்னார். ஐப்பசிக் கடைசியில் வரும்படி காக்கா முற்பணம் நீட்டினார். ஐயா வாங்கவில்லை. வளவுகளில் தென்னை குறைந்துவிட்டது, முதலில் ஓலை கிடைக்கட்டும் என்று கத்தியை இடுப்பில் செருகினார்.