மூன்று வாயில்களில் ஒரு தரிசனம்

நாஞ்சில் நாட்டு முதியோருக்குத் திருவனந்தபுரம் அயலூர் அன்று. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில்தான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. அதுவரை எங்கள் முன்னோருக்குத் தலைநகரம் திருவனந்தபுரமே. 1750ஆம் ஆண்டில் மார்த்தாண்ட வர்மா மகாராஜா தம் நாட்டைத் திருப்படிதானமாகப் பத்மநாபசுவாமியின் திருவடியில் ஒப்படைத்து, பத்மநாபதாசராய் நின்று ஆட்சி புரிந்தார். ஆகவே எங்கள் பாட்டனார்களுக்கு அப்பெருமாள் தெய்வமும் ஆவார், அரசரும் ஆவார்.

அந்தப் பெருமாளைச் சேவித்து வர, சென்ற மாதம் ஒரு நாள் நானும் என் நண்பரும் புறப்பட்டோம். அவர் திருப்பதிசாரத்துக்காரர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். என்னைவிட நான்கு வயது மூத்தவராதலால் எனக்கு எப்போதும் ‘அண்ணாச்சி’. திருப்பதிசாரம் என்னும் திருவண்பரிசாரம், நம்மாழ்வாரின் திருத்தாயார் உடையநங்கையார் பிறந்த ஊர் என்பதை அன்பர்கள் அறிவர். அவ்வூர்ப் பெருமாள் சந்நிதியில் அமர்ந்து திருவாய்மொழி பாராயணம் செய்வது அண்ணாச்சியின் நெடுநாள் வழக்கம்.

நாகர்கோவிலிலிருந்து காலை ரயிலில் ஏறினோம். இரணியல், குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என நிலையங்கள் கடந்தன. தென்னையும் குளங்களுமாகக் காட்சி விரிந்தபோது, “அண்ணாச்சி, அந்தக் குளத்தில் எத்தனை தாமரை பாருங்கள்” என்றேன். அவர் தலையை மெல்லத் திருப்பித் திருப்பித் தேடினார். அதற்குள் குளம் போய்விட்டது.

“தம்பி, உம்மிடம் மறைத்துப் பயனில்லை. கண்ணில் நீரழுத்த நோய். பக்கப் பார்வை முழுவதும் போயிற்று. ஒரு குழல் வழியாகப் பார்ப்பது போல் நடுவில் மட்டும் சிறிது தெரிகிறது. போனது திரும்பாது, இருப்பதைக் காக்கத்தான் மருந்து என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வலி ஒன்றும் இல்லாததால் நான்தான் காலம் கடத்திவிட்டேன். வீட்டில் பாதிதான் சொல்லியிருக்கிறேன். இருக்கிற பார்வையில் அனந்தபத்மநாபனை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.”

எனக்கு வாயடைத்துப் போயிற்று. அவர் கையைப் பற்றிக்கொண்டேன்.

திருவனந்தபுரத்தில் இறங்கியதும் முதலில் பழவங்காடி கணபதியை வணங்கினோம். இவரும் எங்கள் பக்கத்திலிருந்து போனவரே. பத்மநாபபுரத்தில் படைவீரர்கள் வழிபட்டு வந்த இப்பிள்ளையார், தலைநகரம் இடம் மாறியபோது அவர்களோடு இங்கு வந்தார் என்பது வரலாறு. இன்றும் இக்கோயிலைப் பராமரிப்பது ராணுவமே. தேங்காய் விடலை போடுவது இங்கே முதன்மையான நேர்ச்சை. அண்ணாச்சி உடைத்த தேங்காய் சிதறிய ஒலி கேட்டு, “இது மட்டும் நன்றாகத் தெரிகிறது” என்று சிரித்தார்.

கிழக்குக் கோட்டை கடந்து பத்மதீர்த்தக் கரையில் நின்றோம். ஏழு நிலைக் கோபுரம் எதிரே உயர்ந்து நின்றது. ஆடவர் மேலாடையின்றி வேட்டியுடன்தான் உள்ளே செல்ல வேண்டும். நடை பகலில் பலமுறை அடைத்துத் திறக்கப்படும் ஆதலால், நேரத்தை முன்னமே கேட்டறிந்து செல்வது முதியோருக்கு நலம். வரிசையில் நிற்கையில் தலபுராணத்தை அண்ணாச்சி நினைவுபடுத்தினார்.

திவாகர முனிவர் மறைந்துபோன திருக்குழந்தையைத் தேடி அனந்தன்காட்டுக்கு வந்தபோது, ஒரு பெருமரம் சாய்ந்து அனந்தசயனத் திருக்கோலமாயிற்று. திருமுடி திருவல்லத்திலும் திருவடி திருப்பாப்பூரிலுமாகப் பள்ளிகொண்ட அவ்வுருவை முனிவரால் கண்ணில் அடக்க இயலவில்லை. தம் யோகதண்டத்தின் மூன்று மடங்கு அளவாகச் சுருங்கியருள வேண்டுமென இறைஞ்ச, எம்பெருமானும் இசைந்தான்.

கருங்கல் தூண்கள் அணிவகுத்த திருச்சுற்றைக் கடந்து உள்ளே சென்றோம். கருவறைக்கு முன்னே உள்ளது ஒற்றைக்கல் மண்டபம். ஏறத்தாழ இருபது அடிச் சதுரமும் இரண்டரை அடிக் கனமும் உடைய ஒரே பாறை அது. அங்கே விழுந்து வணங்குவோர் தம் உடைமை யாவும் பெருமாளுக்கே உரியதாக்கினவர் ஆவர் என்பது மரபு; எனவே திருவிதாங்கூர் மன்னர் மட்டுமே அங்கு சாஷ்டாங்கமாக வணங்குவார். நாம் நின்றபடி கைகூப்புகிறோம். அண்ணாச்சியின் முழங்கையைத் தாங்கி, ஒவ்வொரு படியாகச் சொல்லி மேலே ஏற்றினேன்.

கண்டகி நதியின் 12,008 சாளக்கிராமங்களைக் கொண்டு, கடுசர்க்கரை யோகத்தால் அமைந்த பதினெட்டு அடித் திருமேனி அது. அதை ஒருசேரக் காண வழியில்லை. மூன்று வாயில்கள் வழியாகவே காணலாம். முதல் வாயிலில் திருமுகமும், தொங்கும் திருக்கரத்தின் கீழே சிவலிங்கமும். நடு வாயிலில் உந்திக்கமலத்தில் பிரமனும், வெள்ளியாலான உற்சவ மூர்த்தியும். மூன்றாம் வாயிலில் திருவடி.

விளக்கொளியில் ஒவ்வொரு வாயிலிலும் அவர் தலையை மெல்ல அசைத்துத் தேடி, கிடைத்ததும் அசையாமல் நின்றார். “தெரிகிறதா?” என்று கேட்க எனக்குத் துணிவில்லை. திருவடி வாயிலில் அவர் கண்களிலிருந்து நீர் வழிந்தது.

வெளியே வந்து பத்மதீர்த்தக் கரையில் அமர்ந்தபின் அவரே பேசினார்.

“இரண்டு வருடமாக நான் எல்லாவற்றையும் ஒரு சிறு வாயில் வழியாகத்தான் பார்க்கிறேன். முழுமையாய்ப் பார்க்க முடியவில்லையே என்று அழுதிருக்கிறேன். இங்கே வந்தால் மன்னருக்கும் மூன்று வாயில், உமக்கும் மூன்று வாயில், எனக்கும் மூன்று வாயில். முழுதும் பார்த்தவர் யார், தம்பி? முனிவரே முடியவில்லை என்றுதானே சுருங்கச் சொன்னார்!”

சற்றுப் பொறுத்து மேலும் சொன்னார்: “எங்கள் ஊர்ப் பெண்ணின் பிள்ளை, திருக்குருகூர்ப் புளியமரத்தடியில் கண் மூடி இருந்தவர்தானே? அவர் எந்தத் தலத்துக்கு நடந்து போனார்? தலங்களெல்லாம் அவரிடம் வந்தன என்கிறார்கள் பெரியோர். நான் இனிமேல் புத்தகம் பார்த்துப் படிக்க முடியாதே என்றுதான் பயந்தேன். மனப்பாடம் செய்துவிட்டால் போயிற்று.”

நம்மாழ்வார் திருவனந்தபுரத்தைப் பாடியது திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் இரண்டாம் திருமொழி, பதினொரு பாசுரங்கள். மாலை ரயிலில் அவர் பையிலிருந்த புத்தகத்தை எடுத்து நான் வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு அடியடியாகத் திருப்பிச் சொன்னார். எழுபத்தெட்டு வயதில் மனம் எளிதில் பற்றுமா? குழித்துறை வரையில் தடுமாறினார். இரணியல் தாண்டியபோது முதற்பாசுரம் பிழையின்றி வந்துவிட்டது.

அன்றிரவே வீட்டாரிடம் உண்மை முழுவதையும் சொல்லிவிட்டார். இப்போது சனிக்கிழமைதோறும் நான் திருப்பதிசாரம் செல்கிறேன். நான் வாசிக்க, அவர் கேட்டுச் சொல்கிறார். ஏழு பாசுரங்கள் முடிந்திருக்கின்றன. இன்னும் நான்கு இருக்கின்றன.