தவில்காரர் காதும் லினக்ஸும்

தவில் வித்வான்களுக்கு ஹெட்போன் ஆகாது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒலிப்பதிவு செய்கிற எவருக்கும் இது தெரியும். கூடு மாட்டிய விரல் தவிலின் வலது முகமான வலந்தலையில் விழுந்து, அந்தச் சத்தம் கணினி வழியாகக் காதுக்குத் திரும்பக் கொஞ்சம் பிந்தினாலும் கை தயங்கிவிடும். “என்னமோ இழுக்குது தம்பி” என்பார்கள்.

அந்த இழுப்புக்குக் கணக்கு உண்டு. 48,000 ஹெர்ட்ஸில் ஒலியை 1024 சாம்பிளாகச் சேர்த்து அனுப்பும் பஃபர் வைத்தால் ஒரு பஃபருக்கே 21 மில்லி வினாடி. 128 வைத்தால் 2.7. சத்தம் உள்ளே போய் வெளியே வருவதற்கு மொத்தம் பத்துக்குள் அடங்கும். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்கிற மாதிரி. மேடையில் பழகிய காது அதைப் பொருட்படுத்தாது. ஆனால் அவ்வளவு சின்ன பஃபரில் கணினி ஒரு தடவை வேறு வேலைக்குத் திரும்பினாலும் பதிவில் ‘டிக்’ என்று வெட்டு விழும், ஒரு நல்ல கோர்வை வீணாகும். லினக்ஸ் கெர்னலைக் கெடு தவறாமல் வேலை செய்ய வைக்கும் ‘பிரீஎம்ப்ட் ஆர்டி’ ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வெளியிலேயே வளர்ந்து, 2024இல் 6.12 பதிப்பில்தான் உள்ளே சேர்ந்தது. அதன் மேல் ஒலியைக் கடத்தும் ஜாக், பதிவு செய்யும் ஆர்டூர். இரண்டையும் தொடங்கியவர் பால் டேவிஸ். என் அன்றாட வேலை இவற்றில்தான்.

சினிமாப் பின்னணி இசைக்குத் தயாராகும் பிள்ளைகளிடம் இதற்கு மாறச் சொல்ல மாட்டேன். சாம்பிள் நூலகங்களை ஓட்டும் கான்டாக்டும் ஐலாக் பூட்டு போட்ட பிளக்-இன்களும் லினக்ஸுக்கு வருவதில்லை. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன், யாப்ரிட்ஜ் வைத்துச் சிலவற்றை ஓட்டலாம். இயக்குநர் பக்கத்தில் காத்திருக்கும்போது அந்தப் பரிசோதனை கூடாது.

எங்கள் வேலை வேறு. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குச் சாம்பிள் நூலகம் எதற்கு? நாதம் அடியிலுள்ள அணசு வழியாக மட்டும் வருவதில்லை, விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. மைக்கைத் தள்ளி வைத்து, நல்ல கூடமாகப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. மிச்சத்துக்கு ஆர்டூர் தாராளம்.

நான் லினக்ஸை விடாததற்குப் பெரிய காரணம் பிற்காலம். ரக்தி என்னும் நாகஸ்வர–தவில் உருப்படியை வாசிக்கத் தெரிந்த மூத்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்கள் பதிவு முப்பது ஆண்டு கழித்தும் திறக்க வேண்டும், சந்தா கட்டாமல். ஆர்டூரில் ஒலி வேவ் கோப்பாகவும், செஷன் படிக்கக்கூடிய எக்ஸ்எம்எல்லாகவும் கிடக்கிறது. வலந்தலைக்கு ஒரு தடம், இடது முகமான தொப்பிக்கு ஒரு தடம் என்று தனித்தனியாகத்தான் எடுக்கிறேன். பாடம் பண்ண நினைக்கும் பையன் ஒன்றைத் தணித்து மற்றதைக் கேட்கலாம்; அவனிடம் இருக்கும் பழைய மடிக்கணினியே அதற்குப் போதும்.