வாவிக்கரைப் பண்ணை வீட்டில் இரண்டு நாட்கள்

2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் சமூகப்பணிப் பயிற்சி ஒன்றுக்காகப் பின்லாந்து நாட்டுக்குச் சென்றிருந்தேன். பயிற்சி முடிந்ததும் இரண்டு நாட்கள் ஓய்வு கிடைத்தது. தலைநகர் ஹெல்சிங்கியில் இருந்து புகையிரதத்தில் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் சென்று, லப்பீன்ராந்தா என்ற பட்டினத்துக்கு அருகே சாய்மா வாவிக்கரையில் ஒரு பண்ணை வீட்டில் தங்கினேன். அந்நாட்டின் மிகப் பெரிய வாவி அதுதான். இரவு பத்து மணிக்கும் வெயில் அடித்தது. நித்திரை வரப் பாடுபட்டேன்.

கிராமத்து வீடுகளில் பயணிகளுக்குப் படுக்கையும் காலை உணவும் கொடுத்து உழைப்பது அங்கே வழமை. எனக்குக் கிடைத்தது முன்பு தானியம் சேமித்து வைத்த சிறிய மர அறை. இரண்டு கட்டில்கள், சுத்தமான விரிப்பு, ஒரு யன்னல். மலசலகூடம் முற்றத்தின் மறுபக்கம். வீட்டுக்கார அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அக்கா என்று கூப்பிட வாய் வந்தது, ஆனால் அங்கே எல்லோருக்கும் பெயர்தான். சிறு பண்ணையில் மாடுகள் கட்டுப்படியாகாமல் போகவே அவற்றை விற்றுவிட்டு, இந்த அறைகளைத் திருத்தி எடுத்தாராம்.

காலையில் கோப்பியோடு ஒரு பலகாரம் வைத்தார். றை என்ற தானியத்தின் கறுத்த மாவை மெல்லியதாகத் தட்டி, நடுவில் பாலில் காய்ச்சிய சோற்றை வைத்து, நாங்கள் கொழுக்கட்டைக்குச் செய்வதுபோல ஓரத்தைக் கிள்ளிச் சுடுகிறார்கள். மேலே அவித்த முட்டையும் பட்டரும் பிசைந்து பூசுவது. "இது கரேலியாவில் இருந்து அம்மம்மா கொண்டு வந்த கைப்பக்குவம்" என்றார்.

கரேலியா இப்போது பெரும்பாலும் ரஷ்யாவுக்குள் இருக்கிறது. 1939 நவம்பரில் சோவியத் யூனியன் பின்லாந்தைத் தாக்கியது. 1940 மார்ச்சில் போர் நின்றபோது நாலு இலட்சத்துக்கும் அதிகமானோர் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். 1941இல் போர் மீண்டும் மூண்டு ஊர் மீட்கப்பட்டதும் பலர் திரும்பிப் போய் வீடு திருத்தி விதைத்தார்கள். 1944இல் மறுபடியும் ஓட்டம். இரண்டாம் முறை இடம்பெயர்வது எப்படியென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கணவனைப் போரில் இழந்த அம்மம்மா மூன்று பிள்ளைகளோடு நடந்தார். பசுக்களை ஓட்டி வந்தது பத்து வயது மகள்.

முதலில் வேறொரு குடும்பத்தின் வீட்டில் ஒற்றை அறை. ஒரே அடுப்பு, இரண்டு குடும்பம், தினமும் முகச்சுளிப்பு. 1945இல் காணிச் சட்டம் வந்தது. அரச காணி, தேவாலயக் காணி, கம்பனிக் காணி, பெரிய பண்ணைக்காரரின் காணி எல்லாவற்றிலும் இருந்து எடுத்து, இடம்பெயர்ந்தோருக்கும் போரில் இருந்து திரும்பியோருக்கும் போர் விதவைகளுக்கும் பகிர்ந்தார்கள். இலவசமாக அல்ல, நீண்டகாலக் கடனில். கல்லும் காடுமான துண்டுதான் அம்மம்மாவுக்குக் கிடைத்தது.

"இப்போது காணி யாருடைய பெயரில்?" என்று கேட்டேன்.

"என்னுடைய பெயரில். முன்பு அம்மா, அதற்கு முன் அம்மம்மா." இதையெல்லாம் ஏன் கேட்கிறாள் என்பதுபோலப் பார்த்தார். அறைகளைத் திருத்தியதும் அந்தக் காணியை ஈடு வைத்து வங்கியில் எடுத்த கடனில்தானாம்.

எங்கள் பெண்கள் பலருக்கு உறுதி கணவன் பெயரில் அல்லது மாமனார் பெயரில் இருப்பதையும், கணவன் காணாமற்போனதால் மரணச் சான்றிதழ் இல்லாமல் பெயர் மாற்ற முடியாமல் இருப்பதையும் சொன்னேன். கோப்பியை வைத்துவிட்டு, "அப்படியானால் கடன் எப்படி எடுப்பார்கள்?" என்றார்.

நுண்கடன் கம்பனிகளைப் பற்றியும் அவர்களுடைய வட்டியைப் பற்றியும் சொன்னேன். தன் ஆங்கிலம்தான் பிழையோ என்று வட்டியை மறுபடியும் கேட்டார்.