அம்மாவுக்கு ஒரு பலராமபுரம் சேலை



விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும் நாளில் உங்கள் வீட்டில் பெட்டி கட்டும் காட்சி எப்படியிருக்கும்? அடியில் பிள்ளைகளின் துணிகள். மேலே வழியில் உண்பதற்கான ஆகாரம். நடுவே, முந்தின இரவு கடை அடைக்கும் நேரத்தில் அவசரமாக எடுத்த ஒரு சேலையும் ஒரு வேட்டியும். சென்னையிலோ மும்பையிலோ பெங்களூரிலோ எடுத்த அந்தச் சேலையை ஊரில் அம்மா பிரித்துப் பார்ப்பார்கள். "எதற்கு இத்தனை செலவு?" என்பார்கள். பிறகு அதை மடித்து அலமாரியில் வைத்துவிடுவார்கள். சென்ற ஆண்டு கொடுத்த சேலையும் மடிப்புக் கலையாமல் அங்கேயே இருக்கும்.

இம்முறை அந்தச் சேலைக்கான பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்கு வாருங்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கிராமங்களில் பிறந்தவர்களுக்கு, வீட்டிலிருந்து சிறிது தூரத்திலேயே உலகம் அறிந்த கைநெசவு ஊர் ஒன்று இருக்கிறது. அந்த ஊரைப் பிள்ளைகளோடு ஒரு நாள் சுற்றிப் பார்த்து, அங்கேயே அம்மாவுக்குச் சேலை எடுங்கள்.

எல்லையைக் கடந்து

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் ரயில் பாதை 1979-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. குழித்துறையைக் கடந்து கேரளத்திற்குள் நுழைந்ததும் முதலில் வருவது பாறசாலை நிலையம். அதன்பின் தனுவச்சபுரம், அமரவிளை, நெய்யாற்றின்கரை, அடுத்து பலராமபுரம். பேருந்தில் வருவோர் களியக்காவிளையைக் கடந்ததும் கடைப் பலகைகளில் எழுத்து மாறுவதைக் காண்பார்கள். ஆனால் வீடுகளுக்குள் பேச்சு அத்தனை சீக்கிரம் மாறுவதில்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் சேர்க்கவேண்டும் என்ற கோரிக்கை நிறைவேறவில்லை. அது கேரளத்திலேயே நின்றது. ஆகவே ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு மாநிலத்திலும் தங்கை மறு மாநிலத்திலும் வாழ்வது இப்பகுதியில் புதுமையல்ல.

பலராமபுரத்தின் நெசவாளரும் இப்படி எல்லை கடந்து வந்தவர்களே. திருவிதாங்கூரை 1798 முதல் 1810 வரை ஆண்ட பலராமவர்மாவின் பெயரால் இவ்வூர் அழைக்கப்படுகிறது. அவர் காலத்தில் தளவாய் உம்மிணித் தம்பி, அரண்மனைக்கு வேண்டிய மெல்லிய துணிகளை நெய்வதற்காகத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து சாலியர் குடும்பங்களை வரவழைத்துக் குடியேற்றினார் என்று ஊர் வரலாறு கூறுகிறது. ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, புதுத் தெரு, விநாயகர் தெரு என்று அவர்கள் குடியிருந்த தெருக்கள் இன்றும் உண்டு. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்து, இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் தாய்மொழியைக் கைவிடாத அவர்களுடைய நிலைமை, பட்டணங்களில் வாழும் நமக்கு அந்நியமானதல்ல. பிற்காலத்தில் கல்லியூர், பயற்றுவிளை போன்ற சுற்றுக் கிராமங்களிலும் மற்றச் சமூகத்தார் இத்தொழிலைக் கற்றுக்கொண்டார்கள். இன்று தறியில் அமர்ந்திருப்போரில் பெண்களே மிகுதி.

நூல் துணியாகும் வழி

பிள்ளைகளோடு ஒரு நெசவுக் கூடத்திற்குள் அனுமதி பெற்றுச் செல்லுங்கள். முதலில் நூலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இங்கே 80, 100, 120 என்ற எண்களில் மெல்லிய பருத்தி நூல் பயன்படுகிறது. 100 எண் நூல் என்றால் என்ன? 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் நூறு சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு எடை வரும். அரைக் கிலோவுக்கும் குறைவான அந்த நூலை நீட்டினால் 76 கிலோமீட்டருக்கு மேல் போகும். நாகர்கோவிலில் அதன் ஒரு முனையைக் கட்டினால், மறுமுனை திருவனந்தபுரம் சேர்ந்த பின்னும் மீதமிருக்கும்!

இத்தனை மெல்லிய நூல் அப்படியே தறியில் ஏறினால் அறுந்துபோகும். ஆகவே சிட்டங்களைப் பல நாட்கள் தண்ணீரில் ஊறவைத்து, மிதித்தும் அடித்தும் பதப்படுத்துகிறார்கள். பின்பு ராட்டையில் சுற்றிப் பாவு ஓட்டுகிறார்கள். அதன்பின் வருவதுதான் இவ்வூருக்குப் பெயர் வாங்கித்தந்த வேலை. விடியற்காலையில், வெயில் ஏறுமுன், தெருவின் நீளத்திற்குப் பாவை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி பூசி, பலர் சேர்ந்து பெரிய தூரிகைகளால் நூல்களை நீவி விடுவார்கள். ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒவ்வொரு இழையும் தனித்தனியே உலரவேண்டும். வழவழப்புக்குத் தேங்காய் எண்ணெயும் சேரும். ஒருவராகச் செய்யக்கூடிய வேலையல்ல இது. ஒரு வீட்டாரின் பாவுக்கு அயல்வீட்டாரும் வந்து கை கொடுக்கவேண்டும். இளைஞர் குறைந்துவிட்டபடியால் தெருவில் பாவு நீட்டும் காட்சியும் குறைந்துவிட்டது. அதிகாலையில் சென்று, காணக் கிடைத்தால் நின்று பாருங்கள்.

அடுத்தது குழித்தறி. தரையில் தோண்டிய குழிக்குள் கால்களை இறக்கி அமர்ந்து மிதிக்கும் தறி இது. மற்ற இடங்களில் கயிற்றை இழுத்தால் நாடா தானாக ஓடும். இங்கே நாடாவை ஒரு கையால் எறிந்து மறுகையால் பிடிக்கும் பழைய முறை இன்னும் உயிரோடிருக்கிறது. வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் கரை இரண்டு பக்கமும் ஒன்றுபோல் விழும். உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று சொல்ல இயலாது. சாதாரணக் கரைபோட்ட சேலைக்கே இரண்டு மூன்று நாட்கள் வேண்டும். புளியிலைக் கரை என்ற மெல்லிய கோட்டுக் கரையும், பொன்னிறக் கசவும் இவ்வூரின் அடையாளங்கள். கசவு இழை சூரத்திலிருந்து வருகிறது. இத்துணிகளுக்கு 2009-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது.

நிறக் கரைக்கு வேண்டிய நூலுக்குச் சாயம் தோய்ப்பதும் பொறுமையான வேலையே. ஆட்டு ரோமம் சாயத்தை எளிதில் பற்றிக்கொள்ளும், பருத்தி அப்படியல்ல. ஆகவே இயற்கைச் சாயம் தோய்ப்போர் முதலில் நூலின் எண்ணெய்ப் பசையைப் போக்கி, கடுக்காய் நீரிலும் படிகாரத்திலும் ஊறவைத்த பின்னரே சாயத்தில் முக்குவார்கள். அவசரப்பட்டால் திட்டுத்திட்டாகப் படியும். முதல் சலவையிலேயே வெளியேறும். இன்று பெரும்பாலும் இரசாயனச் சாயங்களே வழக்கத்திலிருந்தாலும், மஞ்சள், வேம்பு, சந்தனம் போன்ற மூலிகைகளில் தோய்த்த துணிகளை 'ஆயுர்வஸ்திரம்' என்ற பெயரில் பலராமபுரத்தார் செய்து வெளிநாடுகளுக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

மறக்கக்கூடாத ஒரு வரலாறு

பிரியமானவர்களே, இந்த மெல்லிய துணி அரண்மனைக்கென்று நெய்யப்பட்ட அதே நாட்களில், நம்முடைய பாட்டிமாரின் பாட்டிமார் என்ன உடுத்தியிருந்தார்கள் என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா? அன்றைய தென் திருவிதாங்கூரில், சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார் பெண்களும், அவர்களைப்போல் தாழ்த்தப்பட்ட மற்றப் பெண்களும் தோளை மூடித் துணி அணிய உரிமையற்றிருந்தார்கள். துணிந்து அணிந்தவர்களின் மேலாடை சந்தைவெளிகளில் பலர் பார்க்கக் கிழித்தெறியப்பட்டது. 1829-ஆம் ஆண்டின் அரசாணையும் உயர்சாதிப் பெண்களைப்போல மேலாடை அணிவதை மறுத்தது. நெடிய போராட்டத்திற்குப் பின், 1859 ஜூலை 26-ஆம் தேதி, நாடார் பெண்கள் தோளை மூடிக்கொள்ளலாம் என்ற பிரகடனம் வந்தது. அப்போதும் முரட்டுத் துணிதான் அனுமதிக்கப்பட்டது. உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் விதமாக உடுத்தலாகாது என்ற நிபந்தனையும் அதில் இருந்தது.

அக்காலத்தில் பாறசாலை, லண்டன் மிஷன் ஊழியத்தின் ஒரு மையமாயிருந்தது. நாகர்கோவிலில் மிஷனெரியின் மனைவியான மார்த்தா மால்ட் அம்மையார் 1820-களில் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு லேஸ் பின்னலையும் கற்றுக்கொடுத்தார். அந்தக் கைத்தொழிலின் வருமானத்தால் அடிமைத்தனத்திலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டென்று மிஷன் வரலாறு சொல்லுகிறது. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். அதற்கு முன்பே ஒரு நூலும் சில கதிர்களும் சிலருக்கு விடுதலையைச் சம்பாதித்துக் கொடுத்தன!

ஆகவே பலராமபுரத்துக் கடையில் அம்மாவின் தோளில் ஒரு மெல்லிய சேலையை வைத்துப் பார்க்கும்போது, அதை வெறும் பண்டிகைத் துணியாக எண்ணிவிடாதிருங்கள். ஐந்தாறு தலைமுறைக்கு முன் மறுக்கப்பட்ட ஒன்று அது. இதைப் பிள்ளைகளுக்கு அந்தக் கடையில் வைத்தே சொல்லுங்கள்.

எதைப் பார்த்து வாங்குவது?

இன்று இந்நெசவுக்கு வந்திருக்கும் பெரிய ஆபத்து போலி. விசைத்தறியில் ஓடி, பிளாஸ்டிக் கலந்த மினுமினுப்பு இழையைக் கரையாகக் கொண்ட சேலைகள், மிகக் குறைந்த விலைக்கு அதே பெயரில் விற்கப்படுகின்றன. நெசவாளிக்குக் கிடைக்கும் நாட்கூலி, கேரளத்தில் கட்டட வேலைக்குக் கிடைக்கும் கூலியின் அருகில்கூட வருவதில்லை. நெசவாளரின் பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போவதைக் குறைகூற நம்மால் கூடுமா? நாமும் அப்படிப் போனவர்கள்தானே. கேரள அரசு 2017 முதல் பள்ளிச் சீருடைகளுக்குக் கைத்தறித் துணி வாங்குவது பலருக்கு வேலை தந்தது. ஆயினும் நல்ல சேலை நெய்யும் கையை, அதை வாங்குவோர்தான் காப்பாற்ற முடியும்.

வாங்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கரையைத் திருப்பிப் பாருங்கள். பின்புறத்தில் நூல்கள் தொங்கினாலும் வெட்டப்பட்டிருந்தாலும் சந்தேகியுங்கள். நெசவில் சிறிய ஏற்றத்தாழ்வு தெரிந்தால் குறையென்று தள்ளாதிருங்கள். அது கையின் அடையாளம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிலும் ஹான்டெக்ஸ் விற்பனை நிலையங்களிலும் நம்பிக்கையாக வாங்கலாம். பேரம் பேசுவதற்கு முன், தறியருகே பார்த்த அந்த இரண்டு மூன்று நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இப்பகுதி மலையாளிகள் 'ஓணக்கோடி' என்று மகிழ்ச்சியோடு சொல்வதைக் கேட்டுச் சில தமிழர் முகம் சுளிப்பதுண்டு. நம்மில் பலருக்குக் கோடி என்றால் துக்க வீட்டுத் துணியே நினைவில் வரும். ஆனால் கோடி என்ற சொல்லுக்குப் புதிய ஆடை என்பதே பழைய பொருள். உயிரோடிருக்கும்போது அன்போடு கொடுக்கும் புதுத்துணிக்கும் அந்தப் பெயர் உரியதே.

குளிர்தேசங்களில் வீட்டுப் பெரியவர்கள் கம்பளி நூலுக்குத் தாங்களே சாயமேற்றி, பிள்ளைகளுக்குக் காலுறை பின்னிக் கொடுப்பார்கள். அன்னாள் தன் மகனாகிய சாமுவேலுக்கு ஆண்டுதோறும் ஒரு சட்டை செய்து கொண்டுபோனாள். ஓராண்டு காணாத பிள்ளை எவ்வளவு வளர்ந்திருப்பான் என்பதை அவள் மனதினாலேயே அளந்திருக்கவேண்டும். நமக்கு நெய்யவோ பின்னவோ தெரியாதிருக்கலாம். ஆனால் அம்மாவை உடன் அழைத்துச் சென்று, அவர்களுக்குப் பிடித்த கரை எதுவென்று கேட்டு, நெய்தவரின் முகத்தைப் பார்த்து வாங்கிக் கொடுக்க ஒரு நாள் செலவிட நம்மால் கூடும்.

அந்தச் சேலையை அலமாரியில் வைக்க விடாதீர்கள். மறுநாளே உடுத்தச் சொல்லுங்கள்.