எஞ்சின் மாறிய கார்

இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றின் கரையில் தேம்ஸ் டிட்டன் என்றோர் ஊர் உண்டு. அங்கே ஏ.சி. என்னும் சிறிய நிறுவனம் 1953ஆம் ஆண்டு முதல் 'ஏஸ்' என்ற விளையாட்டுக் காரைத் தயாரித்து வந்தது. அலுமினியத்தால் ஆன மெல்லிய உடலும் வளைவுகளில் தடுமாறாத நடையும் கொண்ட அழகிய வண்டி அது. ஆனால், அதற்கு எஞ்சின் வழங்கி வந்த பிரிஸ்டல் நிறுவனம் 1961இல் அந்த எஞ்சினைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டது.

அச்செய்தி அமெரிக்காவில் கரோல் ஷெல்பியின் செவிக்கு எட்டியது. டெக்சாஸ் மாநிலத்தவரான ஷெல்பி, 1959இல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் வென்ற அணியின் ஓட்டுநர். இதயநோய் காரணமாக மறு ஆண்டே பந்தயத்தை விட்டு விலகியவர். (பிற்காலத்தில், 1990இல், அவருக்கு மாற்று இதயமே பொருத்தப்பட்டது.) அமெரிக்க வி-8 எஞ்சினைத் தாங்குமாறு ஏஸ் காரை மாற்றித் தர இயலுமா என்று கேட்டு, அவர் ஏ.சி. நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். 1962இன் தொடக்கத்தில், எஞ்சின் இல்லாத கார் ஒன்று லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து சேர்ந்தது. அதில் ஃபோர்டின் 4.2 லிட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. 'கோப்ரா' பிறந்தது.

புதிய எஞ்சின் பழையதைவிட மிகுந்த எடையுடையதன்று. ஆனால் அதன் முறுக்குவிசையோ இரு மடங்குக்கும் மேல். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. குதிரைத்திறனைப் பற்றி விளம்பரங்கள் முழங்கும். கியரின் பற்களுக்கு அது பொருட்டன்று. அவை அறிவது முறுக்குவிசையையே. எஞ்சின் 300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருவதாகக் கொள்வோம். முதல் கியர் அதை மும்மடங்காக்கினால் 900 ஆகும். பின் அச்சு அதை நான்கு மடங்காக்கினால் 3600 ஆகிவிடும். கியர் உள்ள மிதிவண்டியில் மேடேறும் சிறுவனும் இவ்வாறே வேகத்தை விட்டுக்கொடுத்து விசையைப் பெறுகிறான்.

இவ்விசை முழுவதையும் தாங்குபவை ஒன்றோடொன்று பொருந்தும் ஓரிரு பற்களே. சாய்வாக வெட்டப்பட்ட அப்பற்கள் சுழலும்போது ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். பெட்டியின் உறை வலுவற்றதாயின், தண்டுகள் இம்மியளவு விலகும். அப்போது பல்லின் முழு அகலமும் சுமையைத் தாங்காது. ஓரம் மட்டுமே தாங்கும். அங்கே விரிசல் பிறக்கும். உடைந்த துண்டு பிற பற்களிடையே சிக்கினால், விரையும் காரின் பின்சக்கரங்கள் திடீரென இறுகி நின்றுவிடக்கூடும். ஓட்டுநரின் உயிர் அந்த ஒரு பல்லில் இருக்கிறது என்பது மிகையன்று.

எனவே கோப்ராவுக்குப் போர்க்-வார்னர் நிறுவனத்தின் வலிய நான்கு வேகக் கியர் பெட்டி பொருத்தப்பட்டது. பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலும் உறுதியான வேறொன்றாக மாற்றப்பட்டது. எஞ்சினைக் கண்டு வியந்தோர் பலர். காருக்கு அடியில் மறைந்திருந்த இவற்றைக் கண்டோர் சிலரே.

டயரின் கதை விந்தையானது. ஒடுங்கிய டயர் பிடிப்புக் குறைந்தது. விசை மிகும்போது வழுக்கிச் சுழன்று, பற்களின் சுமையைக் குறைத்துவிடும். அகன்ற டயர் சாலையை இறுகப் பற்றும். அப்போது அதிர்ச்சி முழுவதும் அச்சுக்கும் கியருக்கும் திரும்பும். நல்ல டயர் மாட்டிய பின்னரே பலருடைய அச்சு முறிகிறது!

1965இல் 7 லிட்டர் எஞ்சின் வந்தபோது பழைய சட்டகம் போதவில்லை. அதன் முதன்மைக் குழாய்கள் 3 அங்குலத்திலிருந்து 4 அங்குலமாகப் பருத்தன. பட்டை வில்களின் இடத்தில் சுருள்வில்கள் வந்தன. கியர் பெட்டியும் மீண்டும் மாறியது. தேம்ஸ் டிட்டனில் பிறந்த ஏஸின் உறுப்புகளில், அந்தக் காரில் எஞ்சியவை மிகச் சிலவே.