ரெண்டு இன்ச் கை

"பல்க் ஆயிடுவீங்க மேடம், டோனிங் போதும்." ஜிம்மில் சேரும் பெண்கள் பலரும் முதல் வாரத்திலேயே கேட்டிருக்கக்கூடிய வாக்கியம் இது. எனக்கும் சொன்னார்கள். சொல்லிவிட்டு, ரோஸ் கலரில் ஒரு கிலோ டம்பெல்லைக் கையில் கொடுத்தார்கள். தினமும் நான் தோளில் மாட்டிப்போகும் லேப்டாப் பை அதைவிடக் கனம்.

உடம்பில் 'டோன்' என்று தனியாக ஒன்றும் ஆவதில்லை. தசை வளரும், இல்லையென்றால் குறையும். மேலே இருக்கும் கொழுப்பு கூடும், இல்லையென்றால் குறையும். அவ்வளவுதான். டோனிங் என்று அவர்கள் சொன்னதன் அர்த்தம் வேறு: பலம் இருந்துட்டுப் போகட்டும், பார்த்தா தெரியக்கூடாது.

அந்தப் பயத்துக்கும் பெரிய ஆதாரம் கிடையாது. பெண்களின் ரத்தத்தில் இருக்கும் டெஸ்டோஸ்டிரோன், ஆண்களிடம் இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆரம்ப வாரங்களில் தூக்கும் எடை மளமளவென்று ஏறும். ஆனால் அது பெரும்பாலும் நரம்புகள் இருக்கிற தசையை ஒழுங்காக வேலை வாங்கப் பழகுவதால். கண்ணுக்குத் தெரியும் தசை தூங்கி எழுந்ததும் வந்து நிற்காது. மாதக்கணக்கில் கெஞ்ச வேண்டும்.

நான் நாலு வருஷம் கெஞ்சினேன். வாரத்துக்கு மூன்று நாள், ஆபீஸுக்கு முன்னால், ஒன்றரை மணி நேரம். ஸ்குவாட், டெட்லிஃப்ட், பெஞ்ச் பிரஸ். பாரின் இரண்டு பக்கமும் 1.25 கிலோ தட்டு ஒன்று ஏறினாலே அந்த வாரம் நல்ல வாரம். உடம்பு எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்று கணக்கு வைத்தேன். ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. நாலு இட்லி சாப்பிட்டால் எட்டு கிராம் தேறினால் அதிகம். "சோத்துக்குமாடி எக்செல் ஷீட்டு?" என்றாள் அம்மா. 40 கிலோவில் தொடங்கிய டெட்லிஃப்ட் 95-ஐத் தொட்டபோது தோளும் கையும் வெளியே தெரிய ஆரம்பித்திருந்தன.

ஒரு கல்யாணத்தில் அத்தை என் கையை அமுக்கிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, ஆம்பளை கையாட்டம்?" என்றார். "முழங்கை வரைக்கும் கை வச்சுத் தைச்சுக்கோ. பொண்ணு பாக்க வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்றாள் அம்மா.

இதைச் சொன்ன அம்மாதான், 2019-இல் சென்னையே தண்ணீர் இல்லாமல் தவித்த கோடையில், லாரியில் பிடித்த குடங்களை இரண்டு மாடி ஏற்றியவள். பதினைந்து லிட்டர் குடம் என்றால் பதினைந்து கிலோ. நிரம்பிய கேஸ் சிலிண்டர் கிட்டத்தட்ட முப்பது கிலோ; அதை வாசலிலிருந்து அடுப்படிவரை உருட்டிப்போவதும் அவள்தான். கட்டட வேலையில் சித்தாள் பெண்கள் தலையில் செங்கல் அடுக்கிச் சாரம் ஏறுகிறார்கள். அவர்கள் கையிலும் தசை முறுக்கேறித்தான் இருக்கிறது. யாரும் அதை ஆம்பளைக் கை என்பதில்லை. ஆம்பளைக் கூலியும் கொடுப்பதில்லை.

பளு தூக்குதல் 1896-இலேயே ஒலிம்பிக்கில் இருந்தது. பெண்களுக்கு அது வந்து சேர 2000 ஆனது. அந்த முதல் வாய்ப்பிலேயே, சிட்னியில், 69 கிலோ பிரிவில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார் கர்ணம் மல்லேஸ்வரி. ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண். டோக்கியோவில் மீராபாய் சானு 49 கிலோ பிரிவில் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றபோது நான் படித்த செய்திகளிலெல்லாம், சின்ன வயதில் அவர் வீட்டுக்கு விறகு சுமந்த கதை தவறாமல் இருந்தது. உண்மையான கதைதான். ஆனால் விறகு சுமந்த எல்லோருக்கும் அந்தத் தோள் வந்துவிடுவதில்லை. அது வருஷக்கணக்கான பயிற்சி கொடுத்த தோள். அந்தக் கதையைவிட விறகுக் கதைதான் நமக்குச் சௌகரியமாக இருக்கிறது.

இது எனக்கு நன்றாகப் புரிந்தது போன வருஷம். அம்மாவுக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், வாக்கரைப் பிடித்து நின்றவளுக்குக் கால் தளர்ந்துவிட்டது. கீழே விழுவதற்குள் பின்னாலிருந்து கட்டித் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தேன். அம்மா 68 கிலோ. அன்றிலிருந்து சொந்தத்தில் என் பேரே மாறிப்போனது. "பொண்ணு ஆம்பளை மாதிரி தாங்குறா" என்று அதே அத்தை போனில் பெருமைப்பட்டார். அதே வார்த்தை. இப்போது பாராட்டு.

அம்மாவைத் தாங்க முடிந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நான் அதற்காகத் தூக்கவில்லை. 95 கிலோ தரையைவிட்டுக் கிளம்பும் அந்த நொடி பிடித்திருந்தது, அதனால் தூக்கினேன். அடுத்தவர் பாரத்தைச் சுமக்கும்வரை பெண்ணின் பலம் யாரையும் உறுத்துவதில்லை. வெளியே தெரியும் தசை வேறு விஷயம் சொல்கிறது: இவள் நாலு வருஷத்தில் தொள்ளாயிரம் மணி நேரத்தைத் தனக்கென்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன்.

போன மாதம் ப்ளவுஸ் தைக்கக் கொடுத்தேன். கைச் சுற்றளவு முன்பு பதினொன்று, இப்போது பதின்மூன்று. டெய்லர் டேப்பை இரண்டு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் லூஸா வைக்கட்டுமாம்மா? தெரியாது" என்றார்.

"கரெக்டாவே வைங்கண்ணா. உள்ள மட்டும் ஒரு இன்ச் துணி விடுங்க, அப்புறமாப் பிரிச்சுக்கலாம்" என்றேன்.